பள்ளிக்கு வாங்கிய ஆறு ஹர்டில்ஸும் உஷாவின் 55.42-உம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். போன ஜூன் மாதம் பள்ளிக்கு ஆறு ஹர்டில்ஸ், அதாவது தடை ஓட்டத்தில் தாண்டுகிற தடைகள், வாங்கினோம். எட்டு மாதமாகக் காலையும் மாலையும் பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள். வெயில், மழை, செம்மண், கால் இடி எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றியது. வாங்க நினைக்கும் மற்ற பி.டி. டீச்சர்களுக்கும், ஓடுகிற பெண் பிள்ளை உள்ள பெற்றோருக்கும் இது உதவினால் போதும்.

மீரட்டில் தயாரான சாமான் அது. விளையாட்டுச் சாமான் என்றால் மீரட், இல்லாவிட்டால் ஜலந்தர், இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. கோவையில் ஒரு கடை மூலமாக ஆர்டர் கொடுத்தோம். ஒன்று 2,350 ரூபாய், ஆறுக்கு 14,100. லாரி பார்சல் கூலி 900 தனி. பள்ளி நிதியில் பாதி, பழைய மாணவிகள் சேர்ந்து கொடுத்தது மீதி. கடை பெயரையும் கம்பெனி பெயரையும் நான் சொல்லவில்லை. இதே அச்சில் செய்த ஹர்டில்ஸை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை நானே பார்த்திருக்கிறேன். பெயரைவிட எதை அளந்து பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இதற்கு முன்னால் எங்களிடம் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மூங்கில். சில நாள் செங்கல் அடுக்கி மேலே கம்பு. அதில் பழகிய ஒரு பிள்ளைக்குக் கால் மாட்டி, மூங்கிலோடும் நாற்காலியோடும் சேர்ந்து விழுந்து, முட்டி இரண்டும் கிழிந்துபோனது. நல்ல உயரம், நல்ல வேகம். அதற்குப் பிறகு கம்பைக் கண்டாலே இரண்டு எட்டு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவாள். நான் எவ்வளவோ சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. அவளை 400 மீட்டருக்கு மாற்றினேன். அது என் தப்புதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால் நல்ல ஹர்டில் என்பது கால் பட்டால் விழ வேண்டும். விழாத தடையை வைத்துப் பழக்கினால் பிள்ளைக்குத் தாண்டத் தெரியாது, பயப்படத்தான் தெரியும்.

பார்சல் வந்த அன்று நான் முதலில் எடுத்தது டேப்பைத்தான்.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், அதாவது 30 அங்குலம். மொத்தம் 10 தடைகள். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 35 மீட்டர். பத்தாவதைத் தாண்டியபின் முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். இந்த ஹர்டில்ஸில் குழாயில் துளை போட்டு, ஸ்பிரிங் பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றும்படி செய்திருக்கிறார்கள். ஸ்டிக்கரில் '76' என்று போட்ட துளையில் வைத்து அளந்தேன். நான்கு சரியாக இருந்தன. இரண்டு 77.5 காட்டின.

கடைக்குப் போன் செய்தேன். "டீச்சர், ஒன்றரை சென்டிமீட்டர்தானே, பிராக்டிஸுக்குத்தானே" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த 'தானே' எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அதற்குக் காரணம் 1984.

அந்த வருடம் எனக்கு 12 வயது. அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. ஒரு நாள் இராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது டீக்கடையிலிருந்து பேப்பரைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டார். "பாரு அம்மிணி, பையோளிப் பிள்ளை. ஒரு நொடியை நூறாப் பிரிச்சா, அதில ஒரு பங்குல போச்சாம்" என்றார். ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்டதே அந்த முறைதான். மொராக்கோவின் நவால் எல் மூத்தவக்கல் 54.61 விநாடியில் தங்கம் வாங்கினார். ருமேனியாவின் கிறிஸ்தியானா கோயோகாரு 55.41-இல் வெண்கலம். அப்பா சொன்ன பையோளிப் பிள்ளை, கேரளத்து பி.டி. உஷா, 55.42, நான்காவது இடம்.

அந்த ஓட்டத்தில் முதல் முறை புறப்பட்டபோது ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தி, மறுபடி புறப்பட வைத்தார்கள். முந்தைய சுற்றில், அரையிறுதியில், உஷா 55.54-இல் முதலாவதாக வந்திருந்தார்.

எங்கள் பிள்ளைகளுக்கு நூறில் ஒரு பங்கு நொடி என்றால் புரியாது. நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 400 மீட்டரை 55 நொடியில் ஓடினால் நொடிக்கு ஏழு மீட்டருக்கு மேல். அதில் நூறில் ஒரு பங்கு சுமார் ஏழு சென்டிமீட்டர். முடிவுக் கோட்டில் என் உள்ளங்கையை வைத்துக் காட்டுவேன். "இவ்வளவுதான் கண்ணு" என்பேன். பிள்ளைகள் குனிந்து கையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கடைசிக் கோட்டில் நெஞ்சைச் சாய்த்து ஓடு என்று யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு வருகிறேன். ஒரு தடையில் அது ஒன்றுமில்லைதான். ஆனால் பிள்ளையின் உடம்பு எதைப் பழகுகிறதோ அதைத்தான் போட்டியில் செய்யும். 77.5-க்குப் பழகியவள் 76.2-இல் தேவைக்கு மேல் எழும்புவாள். காற்றில் இருக்கிற நேரம் ஓடாத நேரம். பத்து தடைக்கு பத்து முறை. இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் பொறுமையாகச் சொன்னேன், டேப் வைத்த போட்டோவும் அனுப்பினேன். பன்னிரண்டு நாளில் இரண்டு புதுக் குழாய்கள் வந்தன. கூலி கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து எடை. விதிப்படி போட்டி ஹர்டில் குறைந்தது 10 கிலோ இருக்க வேண்டும். மேல் கட்டையின் நடுவில் 3.6 முதல் 4 கிலோ விசை கொடுத்தால் சாய வேண்டும். அதற்காக அடிக்காலில் நகர்த்தக்கூடிய எடைக்கட்டி இருக்கும். எங்களுக்கு வந்தது 4.8 கிலோதான், எடைக்கட்டி கிடையாது. சாமான் எடை பார்க்கிற கொக்கித் தராசை நடுவில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 2 கிலோவிலேயே சாய்ந்துவிட்டது. ஆடிக்காற்றில் நிற்கவே இல்லை. காலையில் வரிசையாக வைத்துவிட்டு விசில் எடுக்கத் திரும்பினால் நான்கு படுத்துக் கிடக்கும்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மணல் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, ஒவ்வொரு அடிக்காலின் நுனியிலும் ஒன்று சுற்றிவிட்டோம். மறுபடி தராசை மாட்டினோம். மூன்றரை கிலோவைத் தாண்டித்தான் சாய்ந்தது. சைக்கிள் கடை அண்ணன் டியூபுக்குக் காசே வாங்கவில்லை. கம்பெனிக்காரர்கள் இதை முதலிலேயே செய்து கொடுத்தால் ஒன்றுக்கு நூறு ரூபாய் கூடச் செலவாகாது.

இன்னொன்று, மிக முக்கியமானது. பார்சலில் எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஹர்டிலின் அடிக்கால்கள் ஓடிவருகிற பிள்ளையைப் பார்த்து நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டால் முன்பக்கம் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, பிள்ளைதான் விழும். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் திருப்பி வைத்துப் பழகிக்கொண்டிருந்ததை நானே போய் மாற்றி வைத்துவிட்டு வந்தேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லித்தரவில்லை. வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

நல்லது என்ன என்றால், மேல் கட்டை. பிளாஸ்டிக், விளிம்பெல்லாம் மழுங்கலாக இருக்கிறது. எட்டு மாதத்தில் ஒரு பிள்ளைக்கும் முட்டியில் காயம் இல்லை. ஒரு கட்டைகூட உடையவில்லை. கறுப்பு வெள்ளைப் பெயின்டும் போகவில்லை, தூரத்திலிருந்தே தெரிகிறது. குழாய்களில் மட்டும் பொத்தான் துளை ஓரங்களில் துரு. மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறோம். ரப்பர் மூடிகள் முதல் மாதமே கழன்றுவிட்டன, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் ஆறு என்று கேட்கலாம். எங்கள் மைதானம் 200 மீட்டர் சுற்றுதான். 45, 80, 115, 150, 185 என்று ஐந்து தடை ஒரு சுற்றில் அடங்கிவிடும். ஆறாவது ஓரமாக நின்று, தாண்டும்போது பின்னால் வருகிற காலுக்கான பயிற்சிக்கு. இரண்டாம் சுற்றுக்கு இடம் மாறும். ஆறாவது தடை 220-இல் வர வேண்டும், அதாவது இரண்டாம் சுற்றில் 20-ஆவது மீட்டரில். அதனால் முழு ஓட்டத்தை எங்களால் ஓடிப் பார்க்க முடிவதில்லை. அரை ஓட்டத்தை இரண்டு முறை ஓடுகிறோம். முதல் மாதம் நான் பிள்ளைகளைத் தாண்டவே விடவில்லை. தடைக்கும் தடைக்கும் நடுவில் எத்தனை எட்டு என்று எண்ணத்தான் சொன்னேன். ஒருத்திக்கு 17, ஒருத்திக்கு 19. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் எப்போதும் ஒரே கால் முன்னால் வரும். களைத்துப்போனால் எட்டு குறுகும், கால் மாறும், அப்போது மற்றக் காலாலும் தாண்டத் தெரிய வேண்டும். தடை ஓட்டம் என்று பெயர்தான், 400 மீட்டரில் முக்கால்வாசி அந்த நடுவில் இருக்கிற ஓட்டம்தான்.

உஷாவின் கதையையும் எல்லோரும் ஒரே ஒரு தடையில் நிறுத்திவிடுகிறார்கள். 'ஐயோ, நூறில் ஒரு பங்கு' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். மேடையில் பேச வருகிற விருந்தினர்கள் அதைச் சொல்லிவிட்டு, 'அதனால் பிள்ளைகளே, விடாமுயற்சி' என்று இறங்கிவிடுவார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் அந்த அம்மா ஓடிய வருடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்காக விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் உஷா. பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், விமானப்படையில் இருந்தவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். உஷாவுக்கு வயது 16. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. அதே டெல்லியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் எம்.டி. வல்சம்மா, அவரும் கேரளப் பெண். உஷா அந்த ஓட்டத்துக்கு மாறியது அதற்குப் பிறகுதான். புதிதாக எடுத்த ஓட்டத்தில் ஒலிம்பிக்ஸ் இறுதிக்குப் போய் நான்காவதாக வந்தார். அதை யாராவது தோல்வி என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதக்கம் கை நழுவி ஒரு வருடம்தான் கடந்திருந்தது. 1985-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி. 100, 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம், ஐந்திலும் தங்கம். 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. என் வகுப்பில் தோற்ற பிள்ளை அழுதால் நான் ஆறுதல் சொல்வது குறைவு. ஜகார்த்தாக் கணக்கைத்தான் சொல்வேன்.

அதே சியோலில் 1988 ஒலிம்பிக்ஸில் அவருக்குச் சரியாக அமையவில்லை. நல்ல நாளை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். 1991-இல் திருமணம், பிறகு குழந்தை. பலர் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 1998-இல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 34 வயதில், 200, 400 இரண்டிலும் வெண்கலமும் 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கமும் வாங்கினார். நான் வேலைக்குச் சேர்ந்து, கைக்குழந்தையோடு மைதானத்தில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அந்தச் செய்தியை வெட்டி டைரியில் ஒட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் தனக்கு ஒத்துக்கொள்கிற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடினேன் என்று உஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் ஒரு டம்ளர் டீயோடு மைதானத்துக்கு வருகிறவர்கள். நான் இப்போது ஊறவைத்த நிலக்கடலையும் வெல்லமும் கொண்டுவருகிறேன். ஹர்டில்ஸ் வாங்கப் பணம் சேர்த்தபோது ஒரு பழைய மாணவி, "டீச்சர், இரும்புக்கு மட்டும்தான் கொடுக்கணுமா, முட்டைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். இப்போது வாரம் மூன்று நாள் முட்டையும் உண்டு. ஹர்டில்ஸ் வாங்கப் போகிற பள்ளிகள் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு மீதியில் வாங்குங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. 2002-இல் பெண் பிள்ளைகளுக்காகத் தடகளப் பள்ளி தொடங்கினார். இப்போது அது கோழிக்கோடு மாவட்டம் கினாலூரில் இருக்கிறது. அங்கே வளர்ந்த டின்ட்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி தேசிய சாதனை செய்தார். உஷா தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 55.42 என்ன ஆனது? அது தேசிய சாதனையாக 39 வருடம் அப்படியே இருந்தது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் எங்கள் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது பலகையில் வந்தது 55.42. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் இறுதியில் 55.68-இல் வெண்கலம். லாரி ஓட்டிய அப்பாவின் மகள். இரட்டைச் சகோதரி நித்யாவும் ஹர்டில்ஸ் வீராங்கனைதான். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் போனில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் அழுதுவிட்டேன். அப்பா இருந்திருந்தால் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். எங்கள் பள்ளிக்கு ஹர்டில்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். பணம் சேர அதற்குப் பிறகும் நாளாகிவிட்டது.

சரி, வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாங்கலாம். பள்ளிப் பயிற்சிக்கு இது போதும், கொடுத்த விலைக்குக் குறையில்லை. போட்டி நடத்துவதற்கு வேண்டாம், எடை போதாது. பயிற்சிக்குத்தான் என்றாலும் டேப்பும் கொக்கித் தராசும் இல்லாமல் பார்சலைப் பிரிக்காதீர்கள். மைதானம் செம்மண் என்றால் மழைக்குப் பிறகு அடிக்கால் ஓரிரு சென்டிமீட்டர் புதையும், அன்றைக்கு உயரமும் மாறும். நாங்கள் அடியில் பழைய ஓட்டுத் துண்டு வைக்கிறோம்.

மூங்கிலில் விழுந்து பயந்த பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஜூலையில் ஒரு நாள் தானாகவே வந்து ஓரத்தில் நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. உயரத்தை மிகக் கீழ்த் துளையில் வைத்து, "இதை வேண்டுமென்றே காலால் இடித்துத் தள்ளு கண்ணு" என்றேன். இடித்தாள், விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி இடித்தாள். ஏழெட்டு முறை தள்ளிய பிறகு சிரித்தாள். ஓடுகிற வேகத்தில் கால் பட்டு விழுந்தால் போட்டியில்கூட அது குற்றமில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். எத்தனை வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது. இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மூன்று தடைகளைத் தள்ளிக்கொண்டு ஓடி இரண்டாவதாக வந்தாள். வருவாய் மாவட்டத்தில் ஐந்தாவது. எட்டாவது தடைக்கு மேல் 17 காலடி 19 ஆகிவிடுகிறது, அதைத்தான் இப்போது சரிசெய்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த ஜூனுக்குள் இன்னும் நான்கு வாங்கிப் பத்தாக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் 400 மீட்டர் மைதானம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே கடையில்தான் ஆர்டர் கொடுப்பேன். இந்த முறை 76.2 என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் அனுப்புவேன்.